படத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்: புதுச்சேரி, கடலூர் நாட்குறிப்பு

வியாழன், புதுச்சேரி

நான் தங்கியிருக்கும் விடுதியின் கூடத்தில் ஒரு பழைய அச்சுப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பல்லக்கு போகிற காட்சி. வளைந்த மூங்கில் தண்டின் கீழே திண்டில் சாய்ந்தபடி ஒருவர் உக்கா பிடிக்கிறார். முன்னால் வெள்ளிப்பூண் தடியோடு கட்டியக்காரர்கள், பக்கத்தில் ஓடியபடி குடை பிடிக்கும் ஆள். தண்டின் முன்பக்கம் இரண்டு பேர், பின்பக்கம் இரண்டு பேர். தோள் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு பேர் கூடவே ஓடி வருகிறார்கள். சாய்ந்திருப்பவருக்குக் காதுக் கடுக்கன் வரைக்கும் பார்த்துப் பார்த்து வரைந்த ஓவியர், தூக்குகிற அத்தனை பேருக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிட்டார். யார் வரைந்தது, எந்த வருடம் என்று படத்தில் எதுவும் இல்லை.

இந்தப் பயணத்துக்கு நான் தயாரானதே இப்படிப்பட்ட படங்களால்தான். பாரிஸ் தேசிய நூலகம் பழைய நூல்களின் படங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. புதுச்சேரியில் இருந்துவிட்டுப் போன பியேர் சொன்னரா 1782-ல் பாரிஸில் வெளியிட்ட பயணநூலின் தகடுகளைப் போனில் இறக்கி எடுத்து வந்திருக்கிறேன். தெய்வங்கள், சடங்குகள், கூடவே நம் ஊர்த் தொழிலாளிகள். அந்தக் காலத்தில் தஞ்சாவூர், திருச்சி, புதுச்சேரிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வாங்கிப்போன ஓவியத் தொகுப்புகளும் இதே மாதிரிதான். கணவன் மனைவி ஜோடியாக நிற்பார்கள். கையில் தொழில் கருவி. கீழே சாதி, தொழில் பெயர். ராஜாவை வரைந்தால் அவர் பெயரைப் போடுவார்கள். நெசவாளியை வரைந்தால் 'நெசவாளி' என்று போடுவார்கள். எதிரே உட்கார்ந்து முகம் காட்டிய அந்த மனிதருக்கும் வீட்டில் யாரோ ஆசையாக வைத்த ஒரு பெயர் இருந்திருக்கும். அதை யாரும் கேட்டு எழுதவில்லை.

மதியம் அருங்காட்சியகம். பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரம்தான். அரிக்கமேட்டு மண்பாண்டங்களையும் மணிகளையும் தாண்டிப் போனால் பிரெஞ்சுக்காலத்துச் சாமான்கள் இருக்கின்றன. பல்லக்கு இருக்கிறது. பூஸ்-பூஸ் வண்டியும் இருக்கிறது. அதில் உட்காருகிறவர் திருப்புகோலைக் கையில் பிடித்துக்கொண்டு திசையைத் தானே பார்த்துக்கொள்வார். பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டே வரவேண்டும். தள்ளுகிறவருக்கு எதிரே தெரிவது முன்னால் இருப்பவரின் முதுகு மட்டும்.

பல்லக்கின் முன்னால் நிற்கும்போது எந்தத் தமிழனுக்கும் அந்தக் குறள் வந்துதான் தீரும். 'அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை.' அறத்தின் பயனைத் தனியாக விளக்கவே வேண்டாம், சுமக்கிறவனையும் ஏறிப்போகிறவனையும் பார்த்தாலே தெரியும் என்று பரிமேலழகர் உரை எழுதினார். சுமப்பவனையும் சவாரி செய்பவனையும் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என்பதே பொருள் என்று பின்னால் வந்த பலர் படித்தார்கள். நான் இரண்டாவது கட்சி. பிறவிக் கணக்கைக் காட்டி ஒருவர் தோளில் இன்னொருவரை ஏற்றிவைக்க வள்ளுவர் வரவேண்டியதில்லை. அதற்கு அந்த ஊர் அதிகாரியே போதும்.

வெயில் இறங்கியதும் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நெப்போலியன் காலத்துக் கட்டடம். முத்திரையர்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த நினைவாக எழுப்பியது. விளக்கேற்றிய, ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று எண்ணி அரசன் கும்பிட்டானாம். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்கச் சொன்னானாம். நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி இடித்த ஆயி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. அரசன் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். கதையாகவே இருக்கட்டும். புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது இந்த மண்டபம்தான். சக்கரவர்த்தி காலத்தில் கட்டிய மண்டபத்தை ஊர் அவள் பெயரால் கூப்பிடுகிறது.

வெள்ளி, புதுச்சேரி

இன்று முழுவதும் ஆனந்தரங்கப் பிள்ளை.

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், அவர் பெயரிலேயே உள்ள ரங்கப்பிள்ளை வீதியில் அவருடைய மாளிகை நிற்கிறது. காலையில் தெருவில் பூக்கூடையும் டூவீலரும் நெரிசலாக இருந்தன. எதிர்ச் சுவரை ஒட்டி நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

1709-ல் பிறந்தவர். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761 ஜனவரி வரைக்கும் எழுதினார். ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சுக் கவர்னராக இருந்தபோது, 1747-ல், தலைமை துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனவர். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் கோபப்பட்டது, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் வரும். பேச்சுத் தமிழும் பிரெஞ்சும் பாரசீகமும் கலந்த நடை. அவருக்குக் கிடைத்த மரியாதைகளில் பெரியதாகச் சொல்லப்படுவது, கவர்னர் மாளிகை வளாகத்துக்குள் மேளதாளத்தோடு பல்லக்கிலேயே போகும் உரிமை. செருப்போடு நுழையலாம், தங்கப்பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. நம்மவர் ஒருவர் கவர்னர் வாசலில் பல்லக்கை விட்டு இறங்காமல் உள்ளே போனார். அந்தப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் நுழைந்தவர்களும் நம்மவர்களே. அவர்களுக்கு அது கௌரவமா, இன்னும் இருபது அடி தூரச் சுமையா என்று நாட்குறிப்பில் தேடினால் கிடைக்காது. பிள்ளைவாள் பெரிய வியாபாரி, செல்வாக்கான குடும்பம். கவர்னரைப் பார்க்க அவர் கொஞ்சம் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. தூக்குகிறவரைப் பார்க்க, பல்லக்கிலிருந்து எட்டிக் குனிந்தால்தான் முடியும்.

ஆனாலும் அவர் எழுதாமல் போயிருந்தால் நமக்கு ஒன்றுமே இருந்திருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை நடந்துகொண்டிருந்தபோது, சம்பா கோயில் என்ற கிறிஸ்தவ தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீசுவரன் கோயிலை இடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பதறிப்போய் வந்ததையும், தன்னால் தடுக்க முடியாமல் போனதையும், கவர்னருடைய மனைவிக்கு இதில் இருந்த பங்கையும் அவர் மனம் நொந்து எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் அவர் துபாஷியாகவே தெரியவில்லை, ஊர்க்காரராகத் தெரிகிறார். வேதபுரீசுவரர் இன்று காந்தி வீதியில் வேறு கோயிலில் இருக்கிறார். சாயங்காலம் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பெரிய வாய்க்காலின் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தேன். கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்தது இந்த வாய்க்காலை நடுவில் வைத்துத்தான். கிழக்குப் பக்கம் மஞ்சள் சுவர், காகிதப்பூ, போட்டோ எடுக்கும் புதுமணத் தம்பதிகள். மேற்கில் திண்ணையும் முன்தாழ்வாரமும் உள்ள தமிழ் வீடுகள். இந்த நேர்கோட்டு வீதிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதாகத்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1693-லிருந்து 1699 வரைக்கும் ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் வரைந்த வரைபடத்திலேயே நெசவாளர் வீதிகள் கட்டம் கட்டமாக இருக்கின்றன. இந்தக் கடற்கரைக்கு ஐரோப்பியக் கம்பெனிகள் வந்ததற்குக் காரணமே துணிதான். வரைபடத்தை வரைந்தவர்களுக்கு நெசவாளியின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் ஒரே கல். அவை எப்படி வண்டியேறி வந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். தெற்குக் கோடியில் துய்ப்ளெக்ஸின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1870-ல் வைத்தது. அவர் 1754-லேயே திருப்பி அழைக்கப்பட்டு, 1763-ல் பாரிஸில் கடனாளியாக இறந்துபோனவர். நூறு வருடம் கழித்து ஞாபகம் வந்து சிலை செய்தார்கள். அந்தச் சிலையை நிறுத்திய அதே காலத்தில், இதே துறைமுகத்திலிருந்து நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ரீயூனியனுக்கும், அட்லாண்டிக்குக்கு அப்பால் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்கும். அதற்கு முந்தைய நூற்றாண்டில் அடிமைகளாகவே மொரீஷியஸ் பக்கம் போனவர்கள் உண்டு. சிலைக்கு முன்னால் குழந்தைகள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். கப்பலேறியவர்கள் கடைசியாகத் திரும்பிப் பார்த்த கரையும் இதுதானே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

சனி, புதுச்சேரி

இன்று எழுத வேண்டியது ஒரு வரைபடத்தைப் பற்றி.

1760-61 முற்றுகையைக் காட்டும் ஆங்கிலேய வரைபடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு அழகானவை. கடலோரத்தில் ஐந்து கொத்தளத்தோடு நட்சத்திரம் போலக் கோட்டை. அதைச் சுற்றி வீதிக் கட்டங்கள். அதைச் சுற்றி ஊர் மதில். அதற்கும் வெளியே, மேற்கே ஒரு பெரிய வளைவாக, வேலி. கற்றாழையும் முள்ளும் பனையும் தென்னையுமாக அடர்ந்து கிடந்த உயிர்வேலி. அதில் வில்லியனூர், வழுதாவூர், அரியாங்குப்பம், சென்னை என்று வழிகளின் பெயரால் காவல் அரண்கள். மதிலுக்கும் வேலிக்கும் நடுவில் வரைபடத்தில் பெரும்பாலும் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் நடந்ததை ராபர்ட் ஓர்ம் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை சுற்றி வளைத்திருக்கிறது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. தானியம் தீர்ந்துகொண்டே வருகிறது. 1760 நவம்பர் இறுதியில், ஊரில் மிச்சமிருந்த தமிழர்களை எல்லாம் வெளியேற்ற உத்தரவு. பெரிய மனிதர் வீடுகளில் வேலை செய்த சிலரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1,400 பேர் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். ஆங்கிலேயர் பக்கம் போனார்கள். அங்கே திருப்பி விரட்டினார்கள். மறுபடி மதில் பக்கம் வந்தார்கள். உள்ளேயிருந்து அவர்களை நோக்கிச் சுட்டார்கள். ஒரு வாரத்துக்கும் மேலாக அந்த வெற்றிடத்துக்குள் அலைந்தார்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். பிறகுதான் கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

வரைபடத்தில் பீரங்கி மேடை ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. கப்பல்களைக் கூடக் காட்டியிருப்பார்கள். இந்த 1,400 பேருக்கு ஒரு புள்ளி இல்லை. ஆள்பவர்களுக்கும் மக்களுக்கும் நடுவில் இடைவெளி என்று மேடையில் பேசுகிறோம். அந்த இடைவெளிக்கு இந்த ஊரில் ஒரு விலாசமே இருக்கிறது.

அந்த விலாசத்தைத் தேடித்தான் காலையில் ஆட்டோ பிடித்தேன். பழைய மதில் ஓடிய வழிதான் இன்று ஊரைச் சுற்றிவரும் புல்வார் சாலைகள். மேற்கே அண்ணா சாலை. அதைத் தாண்டினால் நெல்லித்தோப்பு, இந்திரா காந்தி சிலைச் சதுக்கம், ரெட்டியார்பாளையம், அப்படியே வில்லியனூர்ச் சாலை. பேருந்து நிலையமும் இந்தப் பக்கம்தான். அதாவது, வரைபடத்தின் வெற்றிடம் இன்று ஊரிலேயே ஜனம் அதிகமாகப் புழங்கும் இடம்.

ஆட்டோக்காரர் ஐம்பது வயதுக்காரர், நெல்லித்தோப்பிலேயே பிறந்தவர். விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு முழுக்கக் கேட்டார்.

"எங்க ஆயா சொல்லும் சார், பஞ்சத்துல கோரைக்கிழங்கு தோண்டித் தின்ன கதை. ஆனா இது சண்டையில நடந்ததுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"இது அதுக்கும் ரொம்ப முன்னாடி அண்ணே. இருநூத்தறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ரெண்டு பக்கமும் சேத்துக்கலியா?"

"சேத்துக்கல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "புள்ளைங்க வேற இருந்திருக்கும்" என்றார். வில்லியனூர்ச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். வேலியின் சுவடு என்று சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. பிளாட் போட்ட மனைகளும் பெயின்ட் கடைகளும் இருந்தன. இங்கே ஒரு கல் நடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர் தெரியாவிட்டால் என்ன, 1,400 என்ற எண்ணையாவது வெட்டலாம். யாராவது அரசுப் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் யோசியுங்கள்.

ஊர் 1761 ஜனவரி 16 அன்று சரணடைந்தது. அதற்குப் பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ஜான்தீ என்ற வானியலாளரின் நூலில், 1769-ல் இருந்தபடி கோட்டை இடிபாடுகளைக் காட்டும் படம் ஒன்று உண்டு. இடிந்த சுவரை அவ்வளவு உருக்கமாக வரைந்தவர்கள், அதைக் கட்டியவர்களைப் பற்றியும் நாலு வரி சொல்லியிருக்கலாம்.

ஞாயிறு, கடலூர்

காலைப் பேருந்தில் கடலூர். இருபத்திரண்டு கிலோமீட்டர் போல வரும். வழியில் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) மில். புதுச்சேரியின் மில்களை நினைத்தால் 1936 ஜூலை 30 நினைவுக்கு வரும். சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுக் காவலர்கள் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. இன்றும் தொழிற்சங்கங்கள் அந்த நாளைத் தியாகிகள் தினமாக அனுசரிக்கின்றன. பெயர் சொல்லி அஞ்சலி செலுத்துகிறார்கள். வேலிக்குள் சிக்கியவர்களுக்குக் கிடைக்காதது இவர்களுக்குக் கிடைத்தது, ஏனென்றால் இவர்களிடம் சங்கம் இருந்தது.

இந்தச் சாலையே ஒரு சாட்சி. 1758 ஏப்ரல் கடைசியில் லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். உடனே கடலூர்க் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பினார். மாடு இல்லை, வண்டி இல்லை, சாமான் தூக்க ஆள் இல்லை. எந்த முன்னேற்பாடும் செய்யாமல், ஊரில் கிடைத்தவர்களைப் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். சாதி பார்க்கவில்லை, தொழில் பார்க்கவில்லை. ஜனம் கொதித்துப்போனது என்று எல்லா வரலாற்றாசிரியர்களும் எழுதுகிறார்கள். இதில் ஒன்றை நான் கவனித்தேன். அவர்கள் எழுதுவதெல்லாம் மேல்சாதிக்காரர்களையும் சுமக்க வைத்தார் என்கிற அதிர்ச்சியைத்தான். அதற்கு முன்பு இருநூறு வருடமாகத் தூக்கிக்கொண்டே இருந்தவர்களைப் பற்றி அதிர்ச்சியடைய யாருக்கும் தோன்றவில்லை. வெடிமருந்துப் பெட்டி எல்லாத் தோளிலும் ஒரே கனம்தான் கனக்கும்.

திருப்பாதிரிப்புலியூரில் இறங்கிப் பாடலீசுவரர் கோயில். உச்சிக்காலத்துக்கு முன் போய்விட்டேன். கூட்டம் அதிகம் இல்லை. பிரகாரத்தில் நடந்துகொண்டே அப்பரை நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், 'சொற்றுணை வேதியன்' பாடினார், கல் மிதந்து இந்த ஊரில் கரை சேர்ந்தது. சின்ன வயதில் ஆயா மடியில் படுத்துக்கொண்டு கேட்ட கதை. கரை சேர்ந்த இடம் கரையேறவிட்டகுப்பம், வண்டிப்பாளையம் பக்கத்தில். இன்றும் சித்திரை அனுஷத்தில் அங்கே விழா நடக்கிறது.

அந்தக் கதையில் அரசனின் ஆட்கள் வந்து 'அரசன் அழைக்கிறான், வா' என்று கூப்பிடுகிறார்கள். அதற்கு அப்பர் சொன்ன பதில்தான் 'நாமார்க்கும் குடியல்லோம்'. பெரிய படையும் பட்டத்து யானையும் வைத்திருப்பவனிடம், புல் செதுக்கும் உழவாரப் படை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒருவர் சொன்னது. கோயில் சுவர்களில், நாயன்மார் கதை வரைந்த படங்களில், இந்தக் காட்சியைப் பாருங்கள். கல்லோடு மிதக்கிறவர் நடுவில் பெரிதாக இருப்பார். அரசனைத் தேடத்தான் வேண்டும். சேக்கிழாரும் அவனைப் பல்லவன், காடவன் என்று குலப்பெயரால் சொல்லிப் போகிறார். மகேந்திரவர்மன் என்று நாம் கல்வெட்டு படித்துக் கண்டுபிடித்துக்கொண்டோம். 'நெசவாளி' என்று மட்டும் எழுதிய அந்த ஓவியங்களுக்கு அறுநூறு வருடம் முன்னாலேயே நம்மிடம் ஒருவர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டார்.

திருப்பூந்துருத்திக் கதையும் உண்டு. சம்பந்தர் முத்துச் சிவிகையில் வருகிறார். கூட்டத்தோடு கூட்டமாக அப்பர் போய்த் தண்டைத் தோளில் தாங்குகிறார். 'அப்பர் எங்கே இருக்கிறார்?' என்று சம்பந்தர் கேட்க, 'இங்கேதான், உங்கள் அடிகளைத் தாங்கி வருகிறேன்' என்று கீழேயிருந்து குரல் வருகிறது. சம்பந்தர் பதறிக் கீழே குதிக்கிறார். பல்லக்குத் தூக்கியாக நின்று தமிழ்நாடு முழுக்கப் பெயர் தெரிந்த ஒரே மனிதர் அப்பராகத்தான் இருப்பார். பக்தியில் தூக்கினார், கூலிக்கு இல்லை, அது வேறு என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் மேலே இருப்பவர் கீழே குனிந்து பார்த்து, யார் என்று கேட்டு, உடனே இறங்கிய பல்லக்குக் கதை நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது முக்கியம்.

கோயிலை விட்டு வந்து ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பாடு. நெத்திலிக் குழம்பு பிரமாதம். இரவு மஞ்சக்குப்பத்தில் தங்கல்.

திங்கள், தேவனாம்பட்டினம்

கெடிலம் கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் புனித டேவிட் கோட்டை. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த பிறகு 1752 வரை ஆங்கிலேயர் தென்னாட்டுக்கே தலைமையிடம் இதுதான். 1756-ல் கிளைவ் இங்கே கவர்னர். 1758 ஜூன் 2 அன்று லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். இப்போது பழைய சுவர்களும் பாழடைந்த கட்டடமும் புதருமாகக் கிடக்கிறது. வெளியிலிருந்துதான் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி சில்வர் பீச்சில் சுண்டல் கடைகள்.

கோட்டையை விட நான் பார்க்க வந்தது அதைச் சுற்றியுள்ள ஊர்களை. 1690-ல் ஆங்கிலக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. சென்னையில் அப்போது எலிஹு யேல் கவர்னர். எதுவரைக்கும் நிலம் என்பதற்கு ஒப்பந்தத்தில் சர்வே எண்ணும் இல்லை, நான்கெல்லையும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும். அவ்வளவுதான். பெரிய பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தித் திசைக்கு ஒன்றாகச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம், கடலூர் உட்பட, கம்பெனிக்குச் சொந்தமாயின. குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் அந்தப் பெயரோடே பேருந்துப் பலகையில் இருக்கிறது. ஊருக்குள் குண்டுச் சாலையும் இருக்கிறது.

இந்தக் காட்சியை யாராவது வரைந்திருக்கிறார்களா என்று ரொம்ப நாளாகத் தேடுகிறேன். என் கண்ணில் படவில்லை. வரைந்தால் இப்படி வரையலாம். கோட்டை மதிலில் தொப்பி போட்டவர்கள் தூரக்கண்ணாடியோடு. கீழே உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், தறி முன்னால் உட்கார்ந்திருப்பவர், மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் பையன். சத்தம் கேட்டு எல்லோரும் தலையைத் தூக்குகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருப்பதுதான் பத்திரம்.

தேவனாம்பட்டினத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். 2004 சுனாமியில் இந்தக் குப்பம் பட்ட பாட்டை அவரே சொல்லத் தொடங்கிவிட்டார். நானும் குறுக்கே பேசாமல் கேட்டேன். அப்புறம், "கோட்டை பாக்கவா வந்த தம்பி? அது ஒண்ணும் இல்ல, செவுருதான்" என்றார்.

"இல்ல ஆயா, குண்டு உப்பலவாடிக்கு அந்தப் பேர் எப்படி வந்துதுன்னு கேக்க வந்தேன்."

"வெள்ளக்காரன் சுட்டான்பாங்க. எதுக்குச் சுட்டான்?"

"எடம் அளக்க."

கருவாட்டைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "ஆளுங்க இருக்கறப்பவா?" என்றார்.

ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

பகலில் குண்டு உப்பலவாடி வரைக்கும் போனேன். வயல், புது வீடுகள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துச் சத்தம். டீக்கடையில் பெயர்க்காரணம் கேட்டால் எல்லோருக்கும் குண்டு கதை தெரிந்திருக்கிறது. யார் விற்றது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. விற்றவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அப்போது அவர் செஞ்சிக் கோட்டையில் இருந்தார், அந்த வருடமே மொகலாயப் படை வந்து செஞ்சியை முற்றுகையிட்டது. போருக்குப் பணம் வேண்டியிருந்தது. வாங்கியவர் சென்னையில் இருந்தார். குண்டு விழுந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்த லீவில் செஞ்சி. ராஜகிரி ஏற வேண்டும், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும்.